தூய்மையும் அதிகாரமும்: பண்டைய உரோமானியச் சமயத்திற் பால்நிலையும் பாலுறவும்

கி.மு. 216 ஆம் ஆண்டில் தென் இத்தாலியிலுள்ள கான்னே என்னுமிடத்தில் ஹனிபாலின் படை உரோமானியப் படையை முற்றாக அழித்தது. இச்செய்தி தலைநகரை எட்டியதும் உரோமானியர் மேற்கொண்ட நடவடிக்கைகளுட் சில படைத்துறை சார்ந்தவை. ஆட்பற்றாக்குறை காரணமாக எண்ணாயிரம் அடிமைகள் அரசினால் விலைக்கு வாங்கப்பட்டுப் படையிற் சேர்க்கப்பட்டனர். வேறு சில நடவடிக்கைகள் சமயஞ் சார்ந்தவை. வெஸ்ரா தேவியின் கன்னிக் குருமாருள் ஒப்பிமியா, புளோரோனியா என்னும் இருவர் கன்னிமை தவறியவர்கள் என முடிவு செய்யப்பட்டது. ஒருத்தி கொலைன் வாயிலருகே உயிருடன் புதைக்கப்பட்டாள். மற்றவள் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். புளோரோனியாவுடன் தொடர்புபட்டவனாகக் கூறப்பட்ட லூசியஸ் கன்ரிலியஸ் என்னும் எழுத்தனைத் தலைமைக்குரு பொதுவிடத்திற் சாகும்வரை அடித்தார். தெய்வவாக்குக் கேட்பதற்காக பேபியஸ் பிக்ரர் கிரேக்க நாட்டின் தெல்பிக்கு அனுப்பப்பட்டார். கோலிய ஆணும் பெண்ணும், கிரேக்க ஆணும் பெண்ணுமாக நால்வர் மாட்டுச்சந்தை வெளியில் உயிருடன் புதைக்கப்பட்டனர்.

இவ்வனைத்தையும் எமக்குக் கூறும் வரலாற்றாசிரியர் லிவி, கன்னியரின் குற்றம் ஒரு தீநிமித்தமாகக் கொள்ளப்பட்டது எனவும் குறிப்பிடுகின்றார். போர்க்களத்தில் ஆண்கள் அடைந்த தோல்விக்கும் நகரினுள் வாழ்ந்த இரு பெண்களின் உடல்நிலைக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டென உரோமானியர் கருதியது ஏன்? சமய மூடநம்பிக்கை எனக் கூறி இவ்வினாவைக் கடந்து செல்லல் எளிது. ஆனால் ஒரு நம்பிக்கை எச்சூழலில் எவருக்கெதிராகச் செயற்படுத்தப்பட்டது என்பதை ஆராயும்போதே அதன் சமூகப் பொருள் புலனாகும். உரோமானியச் சமயத்தில் தூய்மை பற்றிய கருத்துகள் பாலுறவையே பாவமெனக் கொண்டு எழுந்தவையல்ல. எவருடைய உடல் எவருக்கு உரியது என்பதை வரையறுத்த அதிகார உறவுகளின் வெளிப்பாடாகவே அவை அமைந்தன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

தூய்மை என்னும் கருத்து

உரோமானியர் தூய்மையைக் குறிக்கப் பல சொற்களைக் கையாண்டனர். 'காஸ்ரஸ்' என்பது கிரியை செய்வதற்கு ஏற்ற தூய நிலையிலுள்ளவரைக் குறித்தது. 'புடிக்கிற்றியா' என்பது சுதந்திரக் குடிமக்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட பாலியல் மானத்தைக் குறித்தது. 'இன்செஸ்ரம்' என்பது முதலிற் கூறிய சொல்லின் எதிர்மறை. நெருங்கிய இரத்த உறவினரிடையே நிகழும் முறைகேடான உறவையும், வெஸ்ரா கன்னியொருத்தி கன்னிமை இழப்பதையும் உரோமானியர் இந்த ஒரே சொல்லாற் சுட்டினர். இவ்வேறுபாடுகளை மனங்கொள்ளாது அனைத்தையும் 'கற்பு' எனத் தமிழிற் பெயர்த்துக்கொண்டால் உரோமானியரின் சிந்தனை எமக்கு விளங்காது போய்விடும்.

உரோமானியரிடையே வலுவான துடக்காகக் கருதப்பட்டது மரணத் துடக்கே. இறப்பு நேர்ந்த வீட்டின் முன் சைப்பிரஸ் மரக்கிளை வைக்கப்பட்டது. ஈமக்கிரியையிலிருந்து மீண்டவர்கள் நீராலும் நெருப்பாலும் தூய்மை செய்யப்பட்டனர். பிறப்பிற்கும் துடக்கு இருந்தது. பெண்குழந்தைக்கு எட்டாம் நாளும் ஆண்குழந்தைக்கு ஒன்பதாம் நாளும் தூய்மைச் சடங்கு நிகழ்த்திப் பெயரிட்டனர். பாலுறவு இவற்றிலும் இலகுவான துடக்காகும். சில கிரியைகளுக்கு முன்னர் அதனைத் தவிர்த்தல் வேண்டும் என்பதே விதி. சிசரோ தமது சட்டங்கள் பற்றிய நூலில் உடலின் மாசு நீர் தெளிப்பதாலோ சில நாள்கள் கழிவதாலோ நீங்கிவிடும் என்றும், உள்ளத்தின் மாசே நீங்காதது என்றும் விளக்குகின்றார். உடலைப் பற்றிய நிலையான அருவருப்பினை இக்கூற்றிற் காண முடியாது.

யுப்பிற்றரின் தனிக்குருவான 'பிளாமென் தியாலிஸ்' என்பவரின் நிலை இதனை மேலும் தெளிவாக்கும். உரோமில் இவரளவு விதிகளாற் கட்டுண்டவர் வேறொருவர் இலர். அவர் பிணத்தைத் தொடலாகாது. குதிரை மீது ஏறலாகாது. அணிவகுத்த படையைப் பார்க்கலாகாது. பச்சை இறைச்சி, ஆடு, அவரை ஆகியவற்றைத் தீண்டலாகாது. இத்துணைத் தூய்மை வேண்டப்பட்ட இக்குரு கட்டாயம் மணமானவராக இருத்தல் வேண்டும். அவருடைய மனைவியும் குருத்துவத்திற் பங்குடையவள். அவள் இறந்தால் அவர் பதவி துறக்க வேண்டும். உரோமின் ஏனைய ஆண் குருமாரும் மணவாழ்க்கை நடத்தியோரே. ஆகவே தூய்மைக்கும் துறவுக்கும் இடையே நிலையான தொடர்பொன்று உரோமானியச் சமயத்தில் இருக்கவில்லை எனத் துணியலாம்.

வழிபாட்டிற் பாலுறவின் இடம்

பாலுறவு உரோமானியச் சமயத்திற்குப் புறம்பாக நின்றதுமில்லை. லவினியம் என்னும் ஊரில் லீபர் என்ற தெய்வத்தின் விழாவில் ஆண்குறியின் உருவம் வண்டியிலேற்றி ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டது. ஊரின் மதிப்பிற்குரிய குலமகள் ஒருத்தி அதற்கு மாலை சூட்டினாள். வரோவின் நூலிலிருந்து இச்செய்தியை எடுத்துக் கூறும் புனித அகுஸ்தீன் இதனைக் கண்டிக்கும் நோக்குடையவர் என்பது மெய்யே. ஆயினும் அதன் நோக்கம் வயல்களுக்கு வரும் தீங்கினை அகற்றுவதே என்பதையும் அவரே குறிப்பிடுகின்றார். ஏப்பிரல் மாத இறுதியிற் தொடங்கிய புளோரா தேவியின் விழாவிற் பரத்தையர் மேடையேறினர். ஏப்பிரல் 23 ஆம் நாள் அவர்கள் வீனஸ் தேவியை வழிபட்டனர். ஏப்பிரல் முதல் நாள் 'ஆடவர்க்குரிய போர்ச்சூனா' எனப்பட்ட தேவியைப் பெண்கள் வழிபட்டபோது தாழ்நிலைப் பெண்கள் குளிப்பகங்களிலும் வழிபட்டனர் என ஒகஸ்ரஸ் காலத்து நாட்காட்டிக் கல்வெட்டொன்று கூறும்.

இன்னும் வியப்பிற்குரியது மூத்த பிளினி தரும் செய்தியாகும். தீவினையை அகற்றும் 'பசினுஸ்' என்னும் ஆண்குறித் தெய்வத்தை உரோமின் அரச கிரியைகளுள் ஒன்றாக வழிபட்டவர்கள் வெஸ்ரா கன்னியர் என அவர் எழுதுகின்றார். உடலுறவிலிருந்து முற்றாக விலக்கப்பட்ட பெண்களே பாலுறுப்பின் தெய்வத்தைப் பேணினர். கன்னிமைக்கும் இனவிருத்திக்கும் பகை இருப்பதாக உரோமானியர் கருதினரல்லர் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமோ? ஒவ்வொரு நிலையிலுள்ள பெண்ணுக்கும் ஒவ்வொரு விழாவும் ஒவ்வோர் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒருத்தி தனக்குரிய இடத்தை விட்டு நீங்குவதே குற்றமாகக் கொள்ளப்பட்டது.

வெஸ்ரா கன்னியரின் சட்டநிலை

வெஸ்ரா கன்னியர் வரலாற்றுக் காலத்தில் அறுவராயிருந்தனர். பெற்றோர் இருவரும் உயிரோடுள்ள, ஆறு முதற் பத்து வயதிற்குட்பட்ட சிறுமியரிலிருந்து அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். பொந்திபெக்ஸ் மக்சிமஸ் எனப்பட்ட தலைமைக்குரு சிறுமியைக் கைப்பற்றி அழைத்துச் செல்வார். 'கைப்பற்றுதல்' என்பதே அச்சடங்கின் பெயர். முப்பது ஆண்டுகள் அவள் பணிபுரிய வேண்டும். முதற் பத்தாண்டுகள் கற்பதற்கும், அடுத்த பத்தாண்டுகள் செய்வதற்கும், இறுதிப் பத்தாண்டுகள் கற்பிப்பதற்கும் உரியவை. அணையாத் தீயைக் காத்தல், பலியிடும் விலங்குகள் மீது தூவுவதற்கான உப்புக் கலந்த மாவைத் தயாரித்தல், கோயிலைத் துப்புரவு செய்தல் ஆகியன அவர்தம் கடமைகள். சூன் 15 ஆம் நாள் கோயிலின் குப்பை அகற்றப்பட்ட பின்னரே அன்றைய பொதுக் கருமங்கள் தொடங்கலாம் என நாட்காட்டியிற் குறிக்கப்பட்டிருந்தது. அரச கிரியைகளில் அம்மாவு இன்றியமையாததாகையால் இப்பெண்களின் உழைப்பு நாட்டின் சமய வாழ்வு முழுவதிலும் கலந்திருந்தது எனலாம்.

அவர்கள் பெற்ற உரிமைகள் அக்காலப் பெண்களுக்குக் கிட்டாதவை. தந்தையின் அதிகாரத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். பாதுகாவலரின்றிச் சொத்தை ஆளவும் மரணசாசனம் எழுதவும் உரிமை பெற்றனர். அவர்களுக்கு முன்னே அதிகாரச் சின்னம் ஏந்திய ஏவலாளன் நடந்தான். கொலைத் தண்டனைக்குக் கொண்டு செல்லப்படுபவன் தற்செயலாக ஒரு கன்னியைச் சந்தித்தால் உயிர் தப்புவான் என புளூட்டாக் எழுதுகின்றார். கி.பி. 23 இல் ஒரு கன்னிக்கு இருபது இலட்சம் செஸ்ரேர்ஸ் நாணயங்கள் வழங்க அரசு தீர்மானித்தது. ஆயினும் ஒகஸ்ரஸ் காலத்தில் உயர்குடித் தந்தையர் தம் மகளிரை இப்பணிக்குத் தரத் தயங்கினர். இதனால் கி.பி. 5 இல் விடுதலை பெற்ற அடிமைகளின் புதல்வியரையும் தெரிவு செய்யச் சட்டம் இடமளித்தது. சிறப்புரிமைகளின் மறுபுறம் யாதென்பதைத் தந்தையர் நன்கறிந்திருந்தனர் போலும்.

இக்கன்னியரின் நிலைக்கு அறிஞர் பலவாறு விளக்கங் கூறியுள்ளனர். அவர்கள் தொன்மைக்கால மன்னனின் புதல்வியரைப் பிரதிநிதித்துவஞ் செய்தனர் என்பது பழைய கொள்கை. 1980 இல் மேரி பியர்ட் எழுதிய கட்டுரை, கன்னி, குலமகள், ஆடவன் ஆகிய மூவருக்குமுரிய கூறுகள் ஒருத்தியிடத்தே கூடியிருந்தமையே அவளது புனிதத்திற்குக் காரணம் என வாதிட்டது. மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966 இல் வெளியிட்ட தூய்மை பற்றிய நூலின் செல்வாக்கை அதிற் காணலாம். பின்னர் 1995 இல் பியர்ட் தாமே அவ்விளக்கத்தை மறுபரிசீலனை செய்தார். 2004 இல் ஹோல்ற் பாக்கர் என்பார் கன்னியின் சிதையாத உடல் நகரின் சிதையாத மதிலைக் குறித்தது எனக் காட்டினார்.

இவ்விளக்கங்கள் குறியீட்டுத் தளத்திற் பயனுடையவை. ஆயினும் சட்டத்தளத்தை நாம் மறத்தலாகாது. அவுலஸ் கெலியஸ், சட்டவறிஞர் லபியோவை ஆதாரமாகக் கொண்டு, ஒரு முக்கிய விதியைத் தருகின்றார். மரணசாசனமின்றி இறந்தவர் எவரின் சொத்தும் வெஸ்ரா கன்னிக்குச் சேராது. அவள் அவ்வாறு இறந்தால் அவளது சொத்து உறவினர்க்குச் செல்லாது, பொதுத் திறைசேரியையே சேரும். அவளுக்குத் தந்தையில்லை, கணவனில்லை, சட்டப்படி உறவினரும் இலர். சாதாரண உரோமானியப் பெண்ணின் பாலியல் ஒழுக்கம் அவளது தந்தையின் அல்லது கணவனின் உடைமை. வெஸ்ரா கன்னியின் ஒழுக்கமோ எக்குடும்பத்திற்கும் உரியதன்று. ஆதலின் அது அரசின் உடைமை. அவளுடைய குற்றத்தை உறவினரிடை நிகழும் முறைகேட்டின் பெயராலேயே அழைத்தமைக்கும் இதுவே காரணமாகலாம். நகரம் முழுவதும் அவளுக்கு உறவு என்றாகிவிடின் அவளை நெருங்கும் குடிமகன் எவனும் உறவுமுறை தவறியவனே ஆவான். குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி 1884 இல் எழுதிய எங்கெல்ஸ், பெண்ணின் ஒழுக்கம் தந்தைவழிச் சொத்துரிமையுடன் பிணைந்தமையைச் சுட்டிக் காட்டினார். அவ்வாய்வினை இங்கு இயந்திரப் பாங்கிற் பொருத்துதல் தகாது. வெஸ்ரா கன்னி எவருக்கும் வாரிசு பெற்றுத் தரவேண்டியவள் அல்லள். ஆனால் உடைமையாளன் குடும்பத்தலைவனாயினும் அரசாயினும், உடைமையாகக் கருதப்பட்டது பெண்ணுடலே என்பதில் ஐயமில்லை.

நெருக்கடியும் குற்றச்சாட்டும்

கன்னியரின் தூய்மையை எவரும் நேரிற் கண்டறிய முடியாது. அது கெட்டுவிட்டது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டவை தீ அணைதல், மின்னல் தாக்குதல், கொள்ளைநோய், போர்த்தோல்வி முதலியன. விளைவிலிருந்து காரணத்தை ஊகிக்கும் இம்முறையில், அரசுக்குத் தீங்கு நேரும்போதெல்லாம் ஆறு பெண்களும் ஐயத்திற்குரியவராயினர். கி.மு. 483 இல் போரும் உட்பூசலும் நகரை அலைக்கழித்த வேளையிலே தீநிமித்தங்கள் தோன்ற, ஒப்பியா என்பவள் தண்டிக்கப்பட்டதாக லிவி கூறுவார். கி.மு. 420 இல் பொஸ்ருமியா விசாரிக்கப்பட்டாள். அவள் மீது ஐயம் எழக் காரணம் அழகிய உடையும் கன்னிக்கு ஒவ்வாத துணிந்த பேச்சுமே. அவள் விடுவிக்கப்பட்டாள், எனினும் வேடிக்கைப் பேச்சை விட்டு, கவர்ச்சியிலும் புனிதத்தைப் பேணும் உடை அணியுமாறு தலைமைக்குரு பணித்தார். கி.மு. 337 இல் மினூசியா என்பவள் மீதும் உடையினாலேயே முதலில் ஐயம் ஏற்பட்டது. தன் அடிமைகளை விடுவிக்கலாகாது என அவளுக்குக் கட்டளையிடப்பட்டது. அடிமைகளாயிருந்தாலே அவர்களைச் சித்திரவதை செய்து சாட்சியம் பெறமுடியும் என்பதே அதன் நோக்கமாகும். பின்னர் அவள் உயிருடன் புதைக்கப்பட்டாள். அடிமையின் உடலை வதைத்துப் பெற்ற சொல்லைக்கொண்டு கன்னியின் உடலைப் பற்றித் தீர்ப்பளித்த இம்முறையில் உரோமானியச் சமூகத்தின் அடித்தளமே வெளிப்படுகின்றது.

கி.மு. 114 ஆம் ஆண்டில் கொன்சல் காயுஸ் பொர்சியஸ் கேற்றோ திரேசியப் பகுதியில் ஸ்கோர்டிஸ்கி மக்களிடம் தோல்வியுற்றார். அக்காலத்தே ஹெல்வியா என்ற கன்னிப் பெண் குதிரையிற் செல்கையில் மின்னல் தாக்கி மாண்டாள். அவளது உடல் கிடந்த நிலையைக் கண்ட நிமித்திகர் அதனைக் கன்னியர்க்கும் குதிரைவீரர் வகுப்பினர்க்கும் அவக்கேடு தரும் குறியாகக் கொண்டனர். எமிலியா, லிசினியா, மார்சியா என்னும் மூவர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. குருமார் மன்றம் எமிலியாவை மட்டுமே தண்டித்தது. இத்தீர்ப்பில் நிறைவுறாத மக்கள் சபை, மறு ஆண்டு திரிபியூன் பெடுசீயஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, லூசியஸ் காசியஸ் லொஞ்சினஸ் என்பவரைத் தனி விசாரணையாளராக நியமித்தது. அவர் எஞ்சிய இருவரையும் தண்டித்தார். உயர்குடிக் குருமாரின் அதிகாரத்திற்கு மக்கள் தரப்பு விடுத்த அறைகூவலாக இதனை ஆய்வாளர் நோக்குவர். அது சரியான நோக்கே. ஆனால் ஆளும் குழுவுக்கும் அதன் எதிரிகளுக்கும் இடையே நிகழ்ந்த அப்போட்டியின் களமாக அமைந்தவை மூன்று பெண்களின் உயிர்கள் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

தண்டனையின் முறையும் சிந்தனைக்குரியது. கொலைன் வாயிலருகே நிலத்தின் கீழ் ஒரு சிறு அறை அமைத்து, அதிற் கட்டிலும் விளக்கும், சிறிதளவு அப்பமும் நீரும் பாலும் எண்ணெயும் வைத்து, பெண்ணை ஏணிவழி இறக்கியபின் மேலே மண் மூடினர். புனிதமான ஓர் உடலைப் பட்டினியாற் கொன்ற பழி நேராதிருக்கவே உணவு வைக்கப்பட்டது என புளூட்டாக் விளக்குகின்றார். கொலைப்பழியும் நேராது கொலையும் நிறைவேறும் வண்ணம் அரசு இவ்வாறு வழிவகுத்துக் கொண்டது.

கி.பி. 90 அளவில் பேரரசன் டொமிற்றியன் தலைமைக் கன்னி கொர்னேலியாவை அவள் இல்லாத வேளையிலே விசாரித்துப் புதைப்பித்தான். அவள் கொண்டு செல்லப்படுகையில், தான் கிரியைகளைச் செய்துவந்த காலத்திலேயே சீசர் வெற்றிகளும் வெற்றி விழாக்களும் கண்டிருக்கத் தன்னைத் தூய்மையற்றவள் எனக் கருதுவது எவ்வாறு என்று கேட்டதாக இளைய பிளினி பதிவு செய்துள்ளார். தோல்வி கன்னியின் மாசுக்குச் சான்றாகுமாயின் வெற்றி அவளது தூய்மைக்குச் சான்றாக வேண்டும். தர்க்கத்தில் அவளை எவரும் மறுக்கவில்லை. தண்டனையை எவரும் நிறுத்தவுமில்லை.

ஒழுக்கமும் வகுப்பு வேறுபாடும்

தூய்மை எல்லாப் பெண்களுக்கும் பொதுவான பேறாகக் கருதப்படவில்லை. கி.மு. 296 இல் நிகழ்ந்ததாக லிவி கூறும் ஒரு பிணக்கு இதனை விளக்கும். பற்றீசியக் குடும்பத்தில் பிறந்த வெர்ஜீனியா, பிளெபியரான கொன்சல் வொலும்னியஸை மணந்தவள். குலத்துக்குப் புறம்பே மணந்தவள் என்ற காரணத்தால் பற்றீசியப் பெண்கள் அவளைப் புடிக்கிற்றியா தேவியின் கோயிலிலிருந்து விலக்கினர். அவள் தன் வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்துப் பிளெபியப் பெண்களுக்கென அதே தேவிக்கு ஒரு பலிபீடம் அமைத்தாள். விலக்கலை எதிர்த்த இச்செயல் போற்றத்தக்கது. ஆயினும் ஒருமுறை மட்டும் மணந்த ஒழுக்கமுடைய குலமகளிரே அங்கு பலியிடலாம் என அவளும் விதித்தாள். தன்னை விலக்கிய அளவுகோலைக் கைவிடாது அதனை மேலும் இறுக்கமாகப் பற்றியே அவள் சமத்துவம் கோரினாள். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மேல்வகுப்பினரின் மதிப்பீடுகளைத் தமதாக்கிக் கொண்டு உயர முயலும் போக்கிற்கு இது சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

அடிமைப் பெண்ணுக்கு இவ்வழியும் அடைபட்டிருந்தது. சூன் 11 ஆம் நாள் நிகழ்ந்த மாற்றர் மற்றூட்டா தேவியின் விழாவில் குலமகளிர் ஓர் அடிமைப் பெண்ணைக் கோயிலுக்குள் கொணர்ந்து அடித்துத் துரத்தினர். கோயிலின் தூய்மை அங்கு ஒரு விலக்கலாக ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்பட்டது. அடிமைக்குச் சட்டப்படி புடிக்கிற்றியா கிடையாது. உரிமையாளன் அவளையோ அவனையோ பயன்படுத்துதல் குற்றமன்று. குடிமகனாகிய ஆணின் மானமும் அவன் எப்பாலாரை நாடினான் என்பதைப் பொறுத்து அளக்கப்படவில்லை. தன்னுடல் பிறர் இச்சைக்கு ஆளாகாதிருத்தலே அவனுக்கு விதிக்கப்பட்டது.

பக்கஸ் வழிபாட்டாளர் மீதான நடவடிக்கை

கி.மு. 186 இல் பக்கஸ் தெய்வத்தின் மறைவழிபாட்டை செனற் சபை இத்தாலி முழுவதும் அடக்கியது. இதனை ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளின் பின் எழுதிய லிவி, பாலியல் ஒழுக்கக்கேடு நிறைந்த ஒரு கதையாகச் சித்திரிக்கின்றார். பெண்களுக்கு மட்டுமேயிருந்த வழிபாட்டில் பக்குலா அன்னியா என்ற பெண்குரு ஆண்களையும் சேர்த்தாள். பகலில் நிகழ்ந்தது இரவுக்கு மாறியது. காமக் களியாட்டமும் கொலையும் பெருகின என்பது அவர் கூற்று. சம்பந்தப்பட்டோர் ஏழாயிரத்திற்கு மேற்பட்டோர் எனவும், சிறையிடப்பட்டவரிலும் கொல்லப்பட்டவரே அதிகம் எனவும் அவர் கூறுகின்றார். பெண்களுட் பலர் வீட்டிலேயே தண்டிக்கப்படுமாறு உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

நல்வாய்ப்பாக, செனற் சபையின் தீர்மானத்தைத் தெரிவிக்கும் வெண்கலப் பட்டயம் ஒன்று 1640 இல் தென் இத்தாலியில் தீரியோலோ என்ற ஊரிற் கண்டெடுக்கப்பட்டது. அது இன்று வியன்னாவில் உள்ளது. அப்பட்டயத்தில் ஒழுக்கக்கேடு பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. ஆண்கள் குருவாகக் கூடாது. பொது நிதி வைத்திருக்கக் கூடாது. தலைவர்களை நியமிக்கக் கூடாது. ஒருவரோடொருவர் உறுதிமொழி செய்துகொள்ளக் கூடாது. ஆண் இருவரும் பெண் மூவருமாக ஐவருக்கு மேல் அனுமதியின்றிக் கூடக்கூடாது. அனுமதி வேண்டின், நூறு உறுப்பினர்க்குக் குறையாத செனற் சபையின் இசைவோடு நகரப் பிரீற்றரிடம் பெறவேண்டும். இவையே அதன் விதிகள். சமகால ஆவணம் அஞ்சுவது அமைப்பையும் நிதியையும் கூட்டத்தையும். பிற்கால இலக்கியம் பேசுவது காமத்தை. அரசின் கட்டுப்பாட்டிற்கு வெளியே, ஆண் பெண், உரோமானியர் இத்தாலியர், அடிமை குடிமகன் என்னும் பிரிவுகளைக் கடந்து எழுந்த ஓர் அமைப்பினை ஒடுக்கிய செயல், ஒழுக்கத்தைக் காத்த செயலாகப் பின்னர் நினைவுகூரப்பட்டது.

இதனோடு இணைந்த இன்னொரு செய்தியும் உண்டு. வழிபாட்டைப் பற்றி அரசுக்குத் தகவல் கொடுத்தவள் விடுதலை பெற்ற அடிமையும் பரத்தையுமான ஹிஸ்பாலா என்பவள். அவளுக்குப் பணப்பரிசு அளித்த செனற் சபை, சுதந்திரமாகப் பிறந்த ஆடவன் அவளை மணப்பதால் அவனுக்கு எவ்வித இழிவும் நேராது எனவும் தீர்மானித்தது. ஆழ்ந்த சமய மாசாகக் கருதப்பட்டிருக்க வேண்டிய ஒன்று சபைத் தீர்மானமொன்றினால் நீங்கியது. மாசும் தூய்மையும் எங்கிருந்து பிறந்தன என்பதை இதனிலும் தெளிவாக உணர்த்தல் அரிது.

ஆண்மையின் எல்லைகள்

ஹனிபாலுடனான போரின் இறுதிக் கட்டத்தில், கி.மு. 204 இல், உரோமானியர் சின்ன ஆசியாவிலிருந்து பெருந்தாயாகிய தேவியைக் கருங்கல் வடிவில் வரவழைத்தனர். அவளைத் தாங்கிவந்த கப்பலைத் தைபர் ஆற்றில் இழுத்துத் தன் ஒழுக்கத்தை நிறுவிய குவின்ரா குளோடியாவின் கதை பெருவழக்குப் பெற்றது. தேவிக்கு கி.மு. 191 இல் பலற்றைன் குன்றிற் கோயில் திறக்கப்பட்டது. ஆனால் அவளுடன் வந்த 'கல்லி' எனப்பட்ட, தம்மைத் தாமே விதையடித்துக் கொண்ட பூசகர்களை உரோம் ஏற்கவில்லை. உரோமானியர் எவரும் அப்பூசகராதல் இல்லையெனத் தியோனீசியஸ் எழுதுகின்றார். கி.மு. 77 இல் கெனூசியஸ் என்னும் கல்லி ஒருவருக்கு பிரீற்றர் வழங்கிய சொத்துரிமையைக் கொன்சல் லெப்பிடஸ் நீக்கினார். அவர் ஆணுமல்லர் பெண்ணுமல்லர் என்பது காரணமாகக் கூறப்பட்டது. அவரது தோற்றத்தாலும் குரலாலும் நீதிமன்றம் மாசடையும் எனக் கருதி, தம் தரப்பைப் பேசவும் அனுமதிக்கவில்லை. தேவி வேண்டும், அவளது பூசகர் வேண்டாம் என்ற இந்நிலையில், இருபால் வரையறைக்குள் அடங்காத உடல் சொத்துக்கும் நீதிக்கும் புறம்பாக்கப்பட்டது.

மாறாக, வகுப்பாற் பாதுகாக்கப்பட்ட ஆணுடல் புனித எல்லையை மீறியபோது நிகழ்ந்ததையும் நோக்குவோம். கி.மு. 62 டிசெம்பரில், தலைமைக்குருவும் பிரீற்றருமாயிருந்த யூலியஸ் சீசரின் இல்லத்தில், ஆண்களுக்கு விலக்கான போனா தேயா வழிபாட்டினைக் குலமகளிரும் வெஸ்ரா கன்னியரும் நிகழ்த்தினர். அதில் இளம் பிரபுவான குளோடியஸ் பெண்வேடம் பூண்டு நுழைந்தான். கன்னியர் கிரியையை மீண்டும் செய்தனர். குருமார் அதனைச் சமயக்குற்றம் எனத் தீர்த்தனர். மறு ஆண்டு நீதிமன்றத்தில் 25 பேர் அவனைக் குற்றவாளி எனவும் 31 பேர் குற்றமற்றவன் எனவும் வாக்களித்தனர். நடுவர்கள் கையூட்டுப் பெற்றனர் என சிசரோ கசந்து எழுதினார். சீசரின் மனைவி பொம்பெயியா மணவிலக்குச் செய்யப்பட்டாள். குளோடியஸ் கி.மு. 58 இல் திரிபியூனாகப் பதவி வகித்தான். கான்னேயின் பின் அடித்துக் கொல்லப்பட்ட எழுத்தன் கன்ரிலியஸை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஆண் என்பது மட்டும் பாதுகாப்பு அளிக்கவில்லை. செல்வமும் குடிப்பிறப்பும் கொண்ட ஆண் என்பதே அளித்தது.

முடிவுரை

கி.பி. 382 இல் பேரரசன் கிராற்றியன் வெஸ்ரா கன்னியருக்கான அரச மானியத்தை நிறுத்தினான். 384 இல் உரோமின் நகரத் தலைவர் சிம்மாக்கஸ், கன்னியரின் உரிமையைப் பறித்ததனாலேயே பஞ்சம் நேர்ந்தது என அரசனுக்கு விண்ணப்பித்தார். மிலான் ஆயர் அம்புறோஸ் அதனை மறுத்தார். வெஸ்ரா கன்னியர் மிகச் சிலர், சலுகை பெற்றவர், குறித்த கால எல்லைக்கே கன்னியர், கிறித்தவக் கன்னியரோ பலர், ஊதியம் பெறாதவர், வாழ்நாள் முழுவதும் கன்னியர் என்பது அவரது வாதம். இருவரும் எதிரெதிர்ச் சமயத்தினர். எனினும் ஒரு சமயத்தின் மெய்ம்மையைப் பெண்ணின் கன்னிமை கொண்டு அளக்கலாம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். நான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் வெஸ்ராவின் தீ அணைந்தது, அளவுகோல் அழியவில்லை. முன்னர் நீரால் நீங்கிய உடல் மாசு, புதிய சமயத்தில் உள்ளத்தின் மாசோடு ஒன்றாகியது.

உரோமானியத் தூய்மைக் கருத்துகளை நாம் அறிவது பெரும்பாலும் உயர்குடி ஆண்களின் எழுத்துகள் வாயிலாகவே. கன்னியரின் இல்லத்தில் அவர்களைச் சிறப்பித்து எழுப்பிய சிலைகளின் பீடங்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் கி.பி. 364 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, தலைமைக் கன்னி ஒருத்தியின் தூய்மையையும் ஒழுக்கத்தையும் சமய அறிவையும் புகழ்கின்றது. அவளது பெயர் மட்டும் முதலெழுத்து எஞ்சச் செதுக்கி அழிக்கப்பட்டுள்ளது. அவள் கிறித்தவளாக மாறியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். காரணம் எதுவாயினும், புகழப்பட்ட தூய்மை கல்லில் நிலைத்திருக்க, அதற்குரிய பெண் நீக்கப்பட்டாள். தூய்மை அவளுடையதாக ஒருபோதும் கருதப்படவில்லை என்பதற்கு அக்கல்லே சான்றாகின்றது.